மஞ்சள் தடவிக் கொடுத்த பட்டம்

1

முருகன் புண்ணியத்தில் நான், வசந்தா, மகள் தேன்மொழி மூன்று பேரும் சௌக்கியம். குளிரைப் பற்றி எழுதப் போவதில்லை. கனடாவிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், ஏதோ அவர்கள் வீட்டு மாவு மில்லில் அரைத்துக் கொட்டியது மாதிரி.

போன மாதம் எங்கள் கல்யாண நாள். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் குன்றத்தூர் முருகன் படம் இருக்கிறது. அதுதான் எங்கள் பூஜை அறை. கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் கூரையில் இருக்கிற புகை மணியின் பேட்டரியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் சாமி கும்பிடுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். வந்த புதிதில் ஒரு முறை தட்டினார். நெருப்பா என்று கேட்டார். ‘காட்’ என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அவர் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே போகிறார்.

வசந்தா சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தாள். தேன்மொழி பழைய கல்யாண ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, போட்டோவில் இருந்த என் மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் டென்னி. தேன்மொழி என்று கூப்பிட அங்கே யாருக்கும் நாக்கு வளையவில்லையாம். இவளும் சரி என்று விட்டுவிட்டாள். ஆல்பத்தின் கடைசி உறைக்குள் எங்கள் கல்யாணப் பத்திரிகை இருந்தது. தமிழ்ப் பக்கம் அவளுக்கு எழுத்துக் கூட்டினால்தான் வரும், அதனால் இங்கிலீஷ் பக்கத்தைப் படித்தாள்.

“அப்பா, உங்க பேருக்குப் பின்னாடி என்ன இது? ஐ, டி, ஐ. பக்கத்துல டர்னர்னு போட்டிருக்கு. நம்ம லாஸ்ட் நேம் டர்னரா?”

“அது படிப்பு. லேத்துல இரும்பு கடையறவனுக்கு டர்னர்னு பேரு.”

“அம்மாக்கு ரெண்டு இருக்கு. பி.ஏ., அப்புறம் பி.எல்.ஐ.எஸ். கல்யாணத்துக்கு எதுக்குப் படிப்பு? டெஸ்ட் வெப்பாங்களா?”

வசந்தா பொங்கல் கரண்டியோடு நின்றவள், “அந்த ரெண்டாவது அப்ப என்னோடது இல்லடி” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போனவள் அணைத்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு என்னிடம் சொன்னாள்: “ஏங்க, லைப்ரரில ஒரு போஸ்ட் வந்திருக்கு. குழந்தைங்க பிரிவுக்கு லைப்ரரியன். மார்கரெட் என்னை அப்ளை பண்ணச் சொல்றா.”

“பண்ணேன்.”

“கோர்ஸ் இன்னும் முடியலையே.”

2

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஒரு நூலகராக வேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்தில் வேறு எதற்கும் ஆசைப்பட்டதில்லை. நகை கேட்டதில்லை. வீடு கேட்டதில்லை. தாம்பரத்தில் சிறு பெண்ணாக இருந்தபோது அப்பா எடுத்து வருகிற வாடகை நூல்நிலையப் புத்தகங்களை அவர் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து விளையாடுவாளாம். மற்றப் பெண்கள் சொப்பு வைத்து விளையாடிய வயதில்.

இந்த ஊர் நூலகத்தில் இப்போது அவளுக்குப் பகுதி நேர வேலை. திரும்பி வருகிற புத்தகங்களைத் தள்ளுவண்டியில் வைத்து அதனதன் இடத்தில் சொருகுவது. மார்கரெட் என்பவள் அங்கே தலைமை நூலகர். நல்லவள். வசந்தாவின் பெயரை முழுதாகச் சொல்ல மெனக்கெடுகிறவள்.

வந்த வருடம் வசந்தாவின் சான்றிதழ்களை இங்கே ஒரு மதிப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினோம். கு. வசந்தா என்றால் அந்தக் கு யார் என்று கேட்டார்கள். குப்புசாமி, என் மாமனார் என்று எழுதினேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து அவள் பெயர் குப்புசாமி. பல் டாக்டர் வீட்டிலிருந்து போன் வந்தால் என்னை மிஸ்டர் குப்புசாமி என்கிறார்கள். மாப்பிள்ளை முறுக்கு என்று ஊரில் சொல்வார்களே, அது எனக்கு இருந்ததே இல்லை. இருந்திருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவிழ்ந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து மதிப்பீடு வந்தது. அவளுடைய நூலகப் பட்டமான பி.எல்.ஐ.எஸ். இங்கே செல்லாது. நூலகர் ஆக வேண்டுமானால் இங்குள்ள படிப்பைப் படிக்க வேண்டும். தாம்பரத்தில் அகர வரிசை வேறு, இங்கே வேறா? பொருள்வாரியாகப் புத்தகத்தைப் பிரிக்கிற முறையை உலகமெல்லாம் ஒரே மாதிரிதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். ஆனால் அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு அதெல்லாம் தேவையில்லை. நான் லேத்தில் கடைந்து காட்டினேன், வேலை கொடுத்தார்கள். இரும்புக்கு நாடு கேட்காதவர்கள் காகிதத்துக்குக் கேட்கிறார்கள்.

அவள் முணுமுணுக்காமல் மாலை வகுப்பில் சேர்ந்தாள். பாதிக்கு மேல் முடித்துவிட்டாள். இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. அதற்குள் இந்த இடம் காலியாகிவிட்டது. இந்த மாதிரிச் சிறிய ஊரில் குழந்தைகள் பிரிவுக்கு ஒரே நூலகர்தான். இருந்த அம்மாள் ஓய்வு பெறுகிறார். இப்போது யாராவது வந்து உட்கார்ந்தால் அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் வசந்தா தள்ளுவண்டிதான்.

“முடிக்கலைன்னு சொல்லியே கேட்டுப் பார்” என்றேன்.

“ஒரு தடவை சொன்னேனே” என்றாள்.

3

அந்த ஒரு தடவையைச் சொல்ல வேண்டுமானால் பத்திரிகை அடித்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் பொழிச்சலூரில் குடியிருந்துகொண்டு குரோம்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். பின்னாளில் அந்தப் பட்டறை திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்கு மாறியது, நானும் கூடவே மாறினேன். படிப்பு எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் ஐ.டி.ஐ. பெண் பார்க்கப் போனபோது பெண் பி.ஏ. என்றார்கள். தபாலில் நூலகப் படிப்பு படித்துக்கொண்டிருக்கிறாள், மே மாதம் பரீட்சை என்றார்கள். எனக்குக் கொஞ்சம் உதறல்தான். என் அம்மா மட்டும், “படிச்ச பொண்ணுன்னா கணக்கு வழக்கு பாத்துக்கும்” என்று முடித்துவிட்டாள்.

தை மாதம் முகூர்த்தம். பத்திரிகை அடிக்கிற பொறுப்பை வசந்தாவின் பெரியப்பா எடுத்துக்கொண்டார். எந்த வேலையைக் கொடுக்காமல் இருக்க வேண்டுமோ அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிற மனிதர் அவர். ரெவின்யூ ஆபீசில் குமாஸ்தா. தன் வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டி, பெயருக்குப் பக்கத்தில் பி.யு.சி. என்று பெயரைவிடப் பெரிதாக எழுதி வைத்திருந்தார். எங்கள் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் அந்த நாளில் இது ஒரு நோய். ரயிலில் வேலைக்குப் போய் வருகிற ஜனங்கள் எல்லாம் பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இல்லாவிட்டால் வேட்டி இல்லாமல் நிற்பது போல் கூசினார்கள். கல்யாணப் பத்திரிகை வந்தால் முகூர்த்த நேரத்தைப் பார்க்க மாட்டார்கள், பட்டத்தைப் பார்ப்பார்கள். பெண்ணுக்கு எத்தனை எழுத்து, பையனுக்கு எத்தனை எழுத்து என்று பார்த்துவிட்டு, வருவதா, மொய்யை மட்டும் அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள்.

பெரியப்பா மேற்குத் தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் போய் உட்கார்ந்து, பி.ஏ.வுக்குப் பக்கத்தில் பி.எல்.ஐ.எஸ்.ஸையும் சேர்த்துவிட்டார். கட்டுகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வசந்தா பார்த்தாள்.

“பெரியப்பா, நான் இன்னும் பரீட்சையே எழுதலையே.”

“எழுதத்தானே போற. பத்திரிகையை வெச்சுப் பாக்கறவன் எல்லாம் வருஷக்கணக்கா வெச்சிருப்பான். மே மாசத்துக்கு மேல பாக்கறவனுக்கு அது நிஜமா இருக்கணும் இல்ல?”

இந்த மாதிரி ஒரு மூளையை எந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் கொடுக்காது. அது ரெவின்யூ ஆபீசில் மட்டும் விளைகிறது.

அவள் தன் சிநேகிதிகளுக்குக் கொடுக்க வேண்டிய பத்திரிகைகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவால் அந்த நாலு எழுத்தை அடிக்க உட்கார்ந்தாளாம். முதல் பத்திரிகையில் கோடு போட்டதுமே என் மாமியார் ஓடி வந்து பேனாவைப் பிடுங்கிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் கறுப்பு மை படலாமா, குடும்பம் விளங்குமா என்று. அதனால் பொய் அப்படியே இருந்தது. மை படவில்லை, மங்களம் கெடவில்லை.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்கள். எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை சாமிக்கு. நான்தான் குன்றத்தூர் மலை ஏறிப் போய் முருகன் காலடியில் வைத்து அர்ச்சனை செய்து வாங்கி வந்தேன். எனக்கு அப்போது அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பெண் பெயருக்குப் பக்கத்தில் என்னைவிட நிறைய எழுத்து இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பிற்பாடு தெரிந்தபோது எனக்கு வந்த கோபம், என்னை ஏமாற்றினார்கள் என்பதற்காக அல்ல. என்னிடம் சொன்னதெல்லாம் நிஜம்தான். போயும் போயும் சாமியிடமா போய் இந்த ஜம்பம்? அவர் என்ன, பட்டம் பார்த்துவிட்டா ஆசீர்வாதம் பண்ணுகிறார்?

4

பத்திரிகை போகாத இடமில்லை. அப்படிப் போன இடங்களில் ஒன்று, பம்மலைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு பாலிடெக்னிக். அதன் முதலாளியைக் கரஸ்பாண்டன்ட் என்பார்கள். அதற்கு முன்னால் அவர் கல் குவாரி வைத்திருந்தார், ஜல்லி லோடு அடித்தார். மலை கரைந்துகொண்டே வந்தது, அதனால் கல்விக்கு வந்தார். கல் தீர்ந்தாலும் பிள்ளைகள் தீராது என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். என் மாமனார் ஏற்கனவே மகளுக்கு வேலை கேட்டு அவரிடம் ஒரு முறை போய் வந்தவர். அதனால் தாம்பாளத்தில் பழம், பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தார்.

வரவேற்புக்குக் கரஸ்பாண்டன்ட் வந்தார். பாலிடெக்னிக் பெயர் எழுதிய ஒரு சுவர்க் கடிகாரத்தை என் கையில் வைத்தார். வசந்தாவைப் பார்த்து, “படிப்பு முடிஞ்சிடுச்சு போல கீதே. அடுத்த வாரம் வந்து சேந்துக்கோம்மா. இன்ஸ்பெக்ஷன் வருது, லைப்ரரியன் இல்லாம நாறிகினு கீறோம்” என்றார். மாமனார் மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். ‘பாத்தியா, அடிச்சது வீண் போகலை’ என்கிற பார்வை.

மறு வாரம் நானும் கூடப் போனேன். அவரைப் பார்ப்பதற்கு முன்னால் நூலகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். பெரிய அறை. கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரிகள், எல்லாம் பூட்டியிருந்தன. உள்ளே புத்தகங்கள் இருந்தன. எங்கோ பழைய புத்தகக் கடையை மொத்தமாக விலை பேசியிருக்கிறார்கள். மோட்டார் பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கோழி வளர்ப்பு, அதற்குப் பக்கத்தில் பிரசவ மருத்துவம். ஒரே கணக்குப் புத்தகம் தட்டு முழுக்க. ஒரு ஓரத்தில், புத்தகத்துக்கு ஒரு அட்டை எழுதிப் பட்டியலாக அடுக்கி வைக்கிற மரப் பெட்டி, சின்னச் சின்ன இழுப்பறைகளோடு, புதுப் பாலிஷ் வாசனையோடு. அவள் ஒன்றை இழுத்துப் பார்த்தாள். காலி. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் காலி. எனக்கு அந்த இடம் ஒரு குடோன் மாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். மூலஸ்தானத்தில் திரை விலகும்போது சிலர் முகம் அப்படி ஆகும்.

“ஏங்க, இதையெல்லாம் நான் ஒழுங்கு பண்ணிடுவேன்” என்று மெதுவாகச் சொன்னாள்.

பிறகு கரஸ்பாண்டன்ட் அறைக்குள் போய், உட்காருவதற்கு முன்னாலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். படிப்பு முடியவில்லை, பரீட்சை மே மாதம், பத்திரிகையில் போட்டது தவறு.

அவர் சிரித்தார். “இன்னாம்மா நீ. மஞ்சா தடவி, குங்குமம் வெச்சி, தாம்பாளத்துல வெச்சி உங்க நைனா என் கைல குடுத்தாரு. சாமி கால்ல வெச்ச பத்திரிக. அதுல பொய் இருக்குமா?”

“இருக்குது சார்.”

“ஊர் பூரா குடுத்துட்ட. ஊருக்குச் சொன்னது எனக்கும் போதும். சர்ட்டிபிகேட்டா கேட்டேன் நானு?”

நான் குறுக்கே புகுந்து, “பரீட்சை முடியற வரைக்கும் உதவியாளர்னு வெச்சுக்குங்க சார், பட்டம் போடாம” என்றேன்.

“சரி, உன் வூட்டுக்காரர் ஆசைப்படறாரு. அப்டியே வெச்சுக்கலாம்” என்றார். ஜல்லி லோடுக்கு ரேட் பேசுகிறவர் முதலில் எதற்கும் சரி என்றுதான் சொல்வார் என்று அந்த வட்டாரத்தில் வீடு கட்டிய யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

5

சேருவதா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. மாமனார், பெரியப்பா, என் அம்மா எல்லோரும் ஒரே கட்சி. நான் எந்தப் பக்கமும் இல்லாமல் தவித்தேன். கடைசியில் குன்றத்தூர் போய்ப் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. என் வாழ்க்கையில் பெரிய முடிவெல்லாம் அப்படித்தான். கனடா வருவதும் அப்படித்தான் தீர்ந்தது.

வசந்தா மாட்டேன் என்றாள். “எனக்கே பதில் தெரியுங்க. அது தப்பு, ஆனா எனக்கு அந்த வேலை வேணும். இதுல அவரை எதுக்கு இழுக்கணும்? வெள்ளைப் பூ வந்துட்டா பழியை அவர் மேல போட்டுட்டுப் போயிடுவேன்.”

நான் தினமும் இரண்டு வேளை திருநீறு பூசுகிறவன். எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

உதவியாளராகச் சேர்ந்தாள். கல்யாணமான புதிதில் என் மனைவி என்னைவிட அந்த மரப் பெட்டியைத்தான் அதிகம் நினைத்தாள் என்று சொன்னால் எனக்கு வெட்கமில்லை. காலையில் பஸ்ஸில் போவாள், சாயங்காலம் கை முழுக்கத் தூசியோடு வருவாள். கோழி வளர்ப்பைத் தனியாக எடுத்தாயிற்று, பிரசவ மருத்துவத்தைக் கட்டி மேலே போட்டாயிற்று, ஓர் இழுப்பறை நிரம்பிவிட்டது என்று சாப்பிடும்போது சொல்வாள். பிள்ளைகள் வந்து புத்தகம் கேட்கத் தொடங்கினார்கள். அலமாரியைத் திறந்து வைக்கக்கூடாது என்று கரஸ்பாண்டன்ட் உத்தரவு, திருடிவிடுவார்களாம். இவள் திறந்து வைத்தாள். ஒன்றும் திருட்டுப் போகவில்லை. அந்தப் புத்தகங்களைத் திருடுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

பாலிடெக்னிக்குக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்கிற இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தைய நாள் பெயிண்டர் வந்து நூலக வாசலில் பலகை எழுதிவிட்டுப் போனார். கு. வசந்தா, பி.ஏ., பி.எல்.ஐ.எஸ்., நூலகர். பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதினாராம்.

6

நான் அங்கே இல்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் ஏதோ ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “யாரும்மா இதைப் பண்ணினது? ஒழுங்கா இருக்கே” என்றார். அவளுக்குக் கால் தரையில் இல்லை. அடுத்து, “பி.எல்.ஐ.எஸ். எந்த வருஷம் முடிச்சீங்க?” என்றார்.

அவளுக்குப் பின்னால் கரஸ்பாண்டன்ட் நின்றிருந்தார். ஒரு வருடத்தைச் சொன்னால் போதும். எந்த வருடமானாலும் சரி. அவர் சரிபார்க்கப் போவதில்லை.

“இன்னும் முடிக்கலை சார். பரீட்சை மே மாசம்.”

“சார், கல்யாணம் ஆயி மாசம்கூட ஆவல. பொண்ணு கொயம்பிப் போய்கீது” என்றார் கரஸ்பாண்டன்ட்.

“கொழம்பலையே, தெளிவாத்தான் சொல்றாங்க” என்றார் பேராசிரியர். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. வாசல் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அடுத்தது ஒர்க் ஷாப்பா? அதையும் பாத்துட்டா சாப்பிடப் போயிடலாம்.”

கரஸ்பாண்டன்டை நான் மன்னித்துவிடுவேன். அவருக்குக் கல்லும் காகிதமும் ஒன்று, அவர் வேறு மாதிரி நடந்திருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தப் பேராசிரியர் என் கணக்கில் இன்னும் இருக்கிறார். ஒரு பெண் தன் வேலையை உள்ளங்கையில் வைத்து நீட்டி உண்மையைச் சொல்கிறாள், அதைக் கேட்டுவிட்டுப் பிரியாணி ஆறிவிடும் என்று நகர்ந்தாரே, அவர் பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்து இருந்திருக்கும்? ஒரு வரி நீளத்துக்கு இருந்திருக்கும்.

பாலிடெக்னிக்குக்கு அனுமதி கிடைத்தது. வசந்தாவை அன்று சாயங்காலமே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பலகையில் அவள் பெயர் மேல் பெயிண்ட் அடித்து, ஓய்வு பெற்ற ஒருவரின் பெயரை எழுதினார்கள். அவர் சான்றிதழை மட்டும் அனுப்பினார், ஆள் வரவில்லை. அலமாரிகளை மறுபடியும் பூட்டினார்கள்.

மே மாதம் பரீட்சை எழுதி முதல் வகுப்பில் தேறினாள். வயிற்றில் தேன்மொழி. முடிவு வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அந்த இடத்துக்குப் போனாள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கரஸ்பாண்டன்ட் காரில் ஏறிக்கொண்டே பேசினார்.

“இப்ப முடிச்சி இன்னாம்மா பிரயோஜனம்? அப்ப முடிச்சிருக்கணும்.”

வீட்டிலும் யாரும் பத்திரிகையைக் குற்றம் சொல்லவில்லை. மாமனார், “வாயை மூடிக்கிட்டு ஒரு வருஷத்தைச் சொல்லியிருக்கலாமே, கண்ணு” என்றார். பெரியப்பா, “அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு” என்று பெயர் வைத்தார். விசேஷங்களுக்குப் போனால் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பொய் சொன்னவரைப் பார்த்து ஒருவரும் சிரித்து நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் ஊரில் அவள் எந்த நூலகத்துக்கும் வேலை கேட்டுப் போகவில்லை. பட்டம் கையில் இருந்தது, ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார் என்ற நினைப்பிலேயே விண்ணப்பத்தை மடித்து வைத்துவிடுவாள்.

7

ஆக, இப்போது இங்கே மறுபடியும் அதே மேஜை, அதே கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். புதன்கிழமை வரைக்கும் அவள் அதை எடுக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை பெரியப்பா தாம்பரத்திலிருந்து போன் செய்தார். ஓய்வு பெற்று, எழுபது தாண்டி, இப்போதும் அதே மனிதர். கல்யாண நாள் வாழ்த்து சொல்ல மறந்துவிட்டாராம். பேச்சுவாக்கில் வசந்தா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். நான் இன்னொரு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

“முடிச்சாச்சுன்னு போடும்மா. வெள்ளைக்காரன் ஏமாளி, எழுதிக் குடுத்தா நம்பிடுவான். நீ வேலைக்குச் சேந்து ஒரு வருஷத்துல முடிச்சுட்டா அது பொய் எப்படி ஆகும்?”

“பெரியப்பா, நீங்க மாறவே இல்ல.”

“நீயும் மாறல. அதான் இன்னும் வண்டி தள்ளிக்கிட்டு இருக்க.”

அவள் போனை வைத்துவிட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்குப் பதிலாக நல்ல வார்த்தை ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன், வாயில் வந்ததெல்லாம் திட்டுத்தான்.

“கேட்டா இல்லைன்னு சொல்லணும்” என்றாள். “சொன்னா மறுபடியும் அதே மூஞ்சிங்களைப் பாக்கணும்.”

“அந்த மூஞ்சிங்களுக்கு இங்க வர விசா கிடைக்காது.”

சிரித்துவிட்டாள். தேன்மொழி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள், தலையைத் திருப்பாமலே கேட்டாள்: “அம்மா, முடிக்கலைன்னு எழுதறதுல என்ன பிராப்ளம்?”

“உனக்குப் புரியாதுடி.”

“புரியலைதான்” என்றாள் அவள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. தமிழ் போகிறது, பெயர் போகிறது, இன்னும் என்னென்ன போகப் போகிறதோ என்று இந்தப் பெண்ணைப் பார்த்துப் பல நாள் முருகனிடம் அழுதிருக்கிறேன். இந்த ஒன்று புரியாமல் வளர்ந்திருக்கிறாள் என்பது மட்டும் எனக்கு அன்றைக்குக் குறையாகத் தெரியவில்லை.

வசந்தா விண்ணப்பித்தாள். படிப்பு நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் ஒரு வருடம் என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். பத்து நாளில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அன்று பட்டறையில் அரை நாள் லீவு போட்டு நான்தான் காரில் கூட்டிப் போனேன். நீலப் புடவையா, பேண்ட் சட்டையா என்று ஒரு குழப்பம். புடவை கட்டி, மேலே குளிர் கோட்டு போட்டுக்கொண்டாள். நூலகத்தின் பக்கவாட்டில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருந்தேன். முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வேலை கொடு என்று வேண்டவில்லை. அது கொடுக்கிறவர்கள் இஷ்டம். அவளைப் பார்த்து யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்றுதான் வேண்டினேன்.

வெகு நேரம் கழித்து வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு, பெல்ட்டைக் கையில் பிடித்தபடி மாட்டாமல் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“கேட்டாங்களா?”

“முதல் கேள்வியே அதுதாங்க. கோர்ஸ் முடிஞ்சதான்னு.”

“என்ன சொன்ன?”

“இல்லைன்னேன். இன்னும் ஒரு வருஷம்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்லைங்க. சரின்னுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க.”

அழுதாள். இத்தனை வருடமாக அவள் வயிற்றில் வைத்திருந்த பதிலுக்கு அங்கே அவ்வளவுதான் இடம் இருந்திருக்கிறது. நான் வண்டியை எடுத்தேன். வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. வேறு இரண்டு பேரையும் பார்க்கிறார்களாம், அவர்கள் படிப்பை முடித்தவர்கள். கிடைக்காமலும் போகலாம். பெரியப்பா அதற்கும் ஒரு பெயர் வைப்பார், வைத்துக்கொள்ளட்டும்.

“அடுத்த கேள்வி என்ன?” என்று கேட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். படிக்கவே பிடிக்காத ஒரு பிள்ளை வந்தால் எந்தப் புத்தகத்தை முதலில் கொடுப்பீர்கள் என்று கேட்டார்களாம். முதலில் புத்தகத்தையே கொடுக்க மாட்டேன், அலமாரிகளுக்கு நடுவில் சும்மா நடக்கவிடுவேன், கை எதைத் தொடுகிறது என்று பார்ப்பேன் என்று சொன்னாளாம். அவர்கள் மேலே சொல்லுங்கள் என்றார்களாம். இவள் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். இப்போது எனக்கும் அதை முழுதாகச் சொன்னாள், கையை ஆட்டி, எந்தத் தட்டு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும். எங்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சாலை வந்தது. அவள் கவனிக்கவில்லை. நான் திரும்பாமல் நேராகவே ஓட்டிக்கொண்டு போனேன்.